பதினோராவது வளைவு

ஜூன் 3, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். நாற்பத்தொரு வயதில் வீடியோ கேம் கம்பெனியில் வேலை என்றதும் அக்கா போனிலேயே சிரித்தாள். "அங்க போயி என்னடி பண்ணுவ, விளையாடுவியா?" என்றாள். ஒரு விளையாட்டு எவ்வளவு கஷ்டமாக இருக்க வேண்டும் என்று சொல்வதுதான் வேலை என்றேன். அதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டாள். தருகிறார்கள்.

கம்பெனி என்பது கணபதியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. எட்டு கம்ப்யூட்டர், ஒரு தண்ணீர் கேன், நடுக்கூடத்தில் நிஜக் காரிலிருந்து கழற்றிய சீட். சீட்டுக்கு முன்னால் ஸ்டியரிங், மூன்று பெடல், மூன்று பெரிய திரை. நடத்துகிறவள் கோகிலவாணி, லோகுவின் தங்கை. லோகு கார் பந்தயம் ஓட்டினான். நான் பக்கத்து சீட்டில் இருந்து வழி படித்தேன். ஆறு வருடம் அப்படி ஓடினோம். ஏழு வருடத்துக்கு முன்பு ஆகஸ்டில் குறிஞ்சாடி மலைப்பாதையில், பதினோராவது வளைவில், எங்கள் கார் பள்ளத்தில் விழுந்தது. லோகு போய்விட்டான். எனக்குக் காறை எலும்பும் இடது மணிக்கட்டும் முறிந்தன.

கோகிலா செய்துகொண்டிருக்கும் கேம் அந்தக் குறிஞ்சாடிப் பாதைதான். பதினான்கு வளைவும் அப்படியே இருக்க வேண்டும் என்கிறாள். "அந்த ரோட்ட உங்களுக்குத் தெரியற மாதிரி வேற யாருக்குங்க்கா தெரியும்?" என்று மூன்று முறை வீட்டுக்கு வந்து கேட்டாள். நான்காவது முறை வருவதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

உப்புத் தண்ணி மோட்டார் ஓடவில்லை. ஆள் நாளைக்கு வருவானாம். மணிக்கட்டு வலிக்கிறது, மழை வரும்.

ஜூன் 7, வெள்ளி

இன்று என் குரலைப் பதிந்தார்கள். கேமில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருந்து வழி சொல்லும் குரல் என்னுடையது. ரியாஸ் என்ற பையன், பையன் என்ன, முப்பத்தைந்து வயது, கார் எப்படி ஓடும், சக்கரம் எங்கே பிடிக்கும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் எழுதுகிறவன், அவனுக்கு இந்தச் சமாசாரம் புதிது. விளக்கினேன். பந்தயத்துக்கு முன்னால் பாதையை இரண்டே தடவைதான் மெதுவாக ஓட்டிப் பார்க்க விடுவார்கள். அப்போது ஒவ்வொரு வளைவுக்கும் ஓட்டுகிறவன் ஒரு எண் சொல்வான், நான் எழுதிக்கொள்வேன். ஒன்று என்றால் கொண்டை ஊசி. ஆறு என்றால் காலை எடுக்காமலே போகலாம். பந்தயத்தின்போது வளைவு கண்ணில் படுவதற்கு முன்பே நான் படித்துவிட வேண்டும். அவன் ஓட்டுவது கண்ணுக்குத் தெரிகிற ரோட்டை அல்ல, என் வாயிலிருந்து வருகிற ரோட்டை.

"அவரு திருப்பி ஏதும் சொல்ல மாட்டாராக்கா?"

"'ம்'னு சொல்வான். ஒவ்வொண்ணுக்கும். சொல்லலைன்னா காதுல விழலைன்னு அர்த்தம், மறுபடி படிக்கணும்."

லோகுவின் 'ம்' மூக்கிலிருந்து வரும். பிடிக்காத பலகாரத்தைச் சாப்பிடச் சொன்னால் குழந்தைகள் சொல்வார்களே, அந்த மாதிரி.

பதின்மூன்று வளைவு படித்தோம். பதினொன்றை மட்டும் விட்டுவிட்டேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஜூன் 12, புதன்

கோகிலா ஒரு தாளை நீட்டினாள். கேம் தொடங்குவதற்கு முன்னால் திரையில் ஒரு அட்டை வருமாம், அதற்கான வாசகம். 'பதினோராவது வளைவு. ஏழு ஆண்டுகளுக்கு முன் லோகநாதன் என்ற வீரர் இங்கே அதிவேகத்தால் உயிரிழந்தார். நீங்கள் நிதானமாகப் போங்கள்.'

"எங்கப்பா பேச மாட்டேங்கறாருங்க்கா. செத்த எடத்தையே விளையாட்டாக்கறியான்னு ஒரே கேள்வி. இந்த வரி இருந்தா நாலு பசங்க பார்த்துத் திருந்துவாங்கன்னு சொல்லிக்கலாம். கூட இருந்தது நீங்கதான். நீங்க சரின்னா போட்டுடறேன்."

படித்தேன். 'லோகநாதன்' என்பதற்கு முன்னால் ஒரு காற்புள்ளி சேர்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.

வரும் வழியில் துவரம்பருப்பு, சோப்பு, பல்பு வாங்கினேன். கடைக்காரர் கொடுத்த நாள்காட்டியை வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து மூலை மடித்தேன். எல்லாத் தாளும், கீழ் வலது மூலை, ஒரு விரல் அகலம். டிசம்பர் வரைக்கும் ஆயிற்று.

ஜூன் 18, செவ்வாய்

ரியாஸ் பெருநாள் பிரியாணி கொண்டுவந்தான். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சண்டை.

குறிஞ்சாடி ரோட்டின் பிடிப்பை அவன் நேரில் போய் அளந்து வந்திருக்கிறான். ஈர ரோட்டுக்கு அறுபது என்று வைத்தானாம், எண் குறையக் குறைய ரோடு வழுக்கும். பதினோராவது வளைவில் மட்டும் இப்போது நாற்பத்தெட்டு இருக்கிறதாம். நான்தான் குறைத்தேன். அதற்குத்தானே என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்?

"அன்னிக்கு மழை ரியாஸ். சோப்புத் தண்ணி மாதிரி இருந்துச்சு."

"சரிங்க்கா. மத்த பதிமூணு வளைவுல மழை பெய்யலீங்களா?"

கேள்வியில் நக்கல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மரத்தடி, பாசி, ஊற்று என்று எதையோ சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். மாலையில் நாற்பத்தைந்தாக்கினேன்.

ஜூன் 21, வெள்ளி

வெளியாட்களை வரவழைத்து ஓட்டவைத்தோம். காலேஜ் பிள்ளைகள், ஒரு பல் டாக்டர், கீழே டயர் கடை முதலாளி. மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். பத்தாவது வளைவு வரை வந்தவர்கள் இருபத்தாறு. பதினொன்றைத் தாண்டியவர் எவருமில்லை. மேட்டில் ஏறுகிறார்கள், மறுபக்கம் ரோடு இடதுபுறம் ஒடிகிறது, கார் நேராகப் போகிறது, மரம், பாறை, ஓடை. இருபத்தாறு தடவை பார்த்தேன். மேட்டுக்கு முன்னால் குரல் வராமல் அந்த இடத்தில் வெறும் என்ஜின் சத்தம்.

பல் டாக்டர் எழுந்து, "இதுக்கு எங்கிட்டப் பல்லப் புடுங்கிக்கலாம்" என்று போய்விட்டார்.

கோகிலா கவலைப்பட்டாள். பத்துக்கு ஒருவராவது தாண்டினால்தான் அடுத்தவனுக்கு ஆசை வரும் என்கிறாள். நிஜத்தில் இருக்கிற கஷ்டம் கேமில் இருக்க வேண்டும், குறைத்தால் அது கார்ட்டூன் என்றேன். நன்றாகத்தான் பேசினேன். நிஜம் நிஜம் என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

ரியாஸ் மூலையில் இருந்து சொன்னான்: "கஷ்டம் வேறங்க்கா, அநியாயம் வேற. தோத்தவன் 'நான் சரியா ஓட்டல'ன்னு சொன்னா அது கஷ்டம். 'எனக்கு யாரும் சொல்லவே இல்லையே'ன்னு சொன்னா அநியாயம். இன்னிக்கு வந்த எல்லாரும் ரெண்டாவதத்தான் சொல்லிட்டுப் போனாங்க."

அவனிடம் இரண்டு நாள் பேசக்கூடாது.

ஜூன் 25, செவ்வாய்

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் தயிர்சாத டப்பாவோடு கூடத்தில். கரண்டு போயிற்று. ஐந்து நிமிடத்தில் வந்தது. வந்ததும் யாரும் உட்காராத அந்த சீட்டுக்கு முன்னால் ஸ்டியரிங் தானாக இடது பக்கம் முழுவதும் சுற்றியது. நின்றது. பிறகு மெதுவாக நேரானது.

கரண்டு வந்தால் அப்படித்தான் ஒருமுறை சுற்றித் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்று ரியாஸ் பிறகு சொன்னான். எனக்கும் தெரியும். ஆனால் வலது பக்கம் சுற்றியிருக்கலாமே என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு என் பதின்மூன்று பதிவுகளையும் கேட்டேன். ஏழாவது வளைவுக்குப் பிறகு ஒரு 'ம்' கேட்டது. மறுபடி போட்டேன், இல்லை. பயமாக இருந்தது. தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

ஆரோக்கியசாமி என்று ஒருவர் வந்தார். குறிஞ்சாடி ரூட்டில் இருபத்தாறு வருடம் அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். கோகிலா எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே ஹாரன் எங்கே என்று கேட்டார். பந்தயக் காரில் ஹாரன் கிடையாது என்றதும், "அப்பறம் எதுத்தாப்ல வர்றவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கோபித்துக்கொண்டு, வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போனார். ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மற்றவர்கள் ஆறு நிமிடத்தில் போகிற தூரத்தை இருபது நிமிடத்தில் போனார். பத்தாவது வளைவு தாண்டியது. மேடு வந்தது. கியரைக் குறைத்தார், வாயால் பாம் பாம் என்றார், ஏறினார், இடது பக்கம் ஒடித்தார், போய்விட்டார். அவ்வளவுதான். ஒருவரும் சிரிக்கவில்லை. கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிங்க ஐயா?" என்றான் ரியாஸ்.

"இதுல என்ன தம்பி இருக்குது? மேட்டுக்கு அந்தப் பக்கம் இடதுல ஒடியும்னு தெரியும், மெதுவா ஏறினேன். தெரியாதவன் என்ன பண்ணுவான் பாவம். ஒரு போர்டு வெச்சா சின்னப் புள்ள கூடப் போயிரும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா அம்மணி, அந்த எடத்துல ரோடு இவ்வளவு வழுக்காதுங்க. அடமழைக்கே நான் போயிருக்கறேன். யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லியிருக்காங்க."

ஜூலை 2, செவ்வாய்

லீவு. தலைவலி. துணி துவைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

கோகிலா வற்புறுத்தி வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஏழு வருடத்தில் இதுதான் முதல் தடவை. அவளுடைய அப்பா வேலுச்சாமி லேத் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் காருக்குள் இருந்த இரும்புக் கூண்டை அவர்தான் தன் கையால் வெல்டிங் வைத்துக் கொடுத்தார். என் பக்கத்துக் கூண்டு அன்றைக்கு வளையவே இல்லை. லோகுவின் பக்கம் மரத்தில் இடித்ததை எந்தக் கூண்டும் தாங்கியிருக்காது.

கூடத்தில் அவனுடைய படம் இல்லை. அம்மா பூஜை அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அம்மாவும் கோகிலாவும் மட்டும் அவனுக்குத் திதி கொடுக்கப் பேரூருக்குப் போகிறார்களாம். அப்பா வரமாட்டார்.

எனக்குக் காபி வந்தது. அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கை தேவலையாம்மணி?"

"தேவலைங்கப்பா. மழை வந்தா மட்டும் வலிக்கும்."

"அவனால உனக்கும் அந்தக் கை போச்சு. வேகம் புடிச்ச நாயி. ஊர்ல யாரு சொன்னாலும் காதுல வாங்க மாட்டான். செத்ததுல கூட எனக்கு அவ்வளவு இல்லம்மணி, இன்னொரு வீட்டுப் புள்ளையையும் சேர்த்துக் கொல்லப் பார்த்தான் பாரு, அதத்தான் என்னால மன்னிக்க முடியல."

காபி சூடாக இருந்தது. குடித்து முடித்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்தேன். பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

ஜூலை 15, திங்கள்

ஆகஸ்ட் பத்தாம் தேதி கண்காட்சி. அதில்தான் கேமை முதன்முதலாக ஊருக்குக் காட்டப்போகிறாள் கோகிலா. அட்டை வாசகத்தைப் பெரிய பேனராகவும் அடிக்கப்போகிறாளாம். அப்பா வருவதற்கு ஒத்துக்கொண்டாராம். "அந்த வரியப் படிச்சுக் காட்டினேங்க்கா. 'இதாவது எழுதினியே'ன்னாரு." வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பதினோராவது வளைவின் குரலும் அதற்குள் வேண்டும் என்கிறாள்.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 18, வியாழன்

லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில், பட்டுப் புடவைக்குக் கீழே, துணிப்பைக்குள் அது இருக்கிறது. விபத்து விசாரணையில், வழி எழுதிய நோட்டு ஓடையோடு போய்விட்டது என்று சொன்னேன். போனது காருக்குள் மாட்டியிருந்த கேமரா மட்டும்தான். நோட்டு என் சட்டைக்குள் இருந்தது, எப்போது செருகினேன் என்று நினைவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

இத்தனை நாள் இங்கே எழுதாததை எழுதிவிடுகிறேன்.

பந்தயத்துக்கு முந்தின நாள் பழைய நோட்டில் டீ கொட்டிவிட்டது. புது நோட்டில் எல்லாவற்றையும், தாளுக்கு ஒரு பக்கம் மட்டும், திருத்தமாகப் படி எடுத்தேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தின் மூலையையும் மடிக்க வேண்டும். வழி படிக்கிற எல்லோரும் செய்வதுதான். கையில் உறை போட்டிருப்போம், கார் குதிக்கும், மூலை மடித்திருந்தால்தான் ஒரு பக்கம் தனியாக வரும். மடிக்க அரை மணி நேரம் ஆகும். எனக்குப் பசித்தது. "காலைல பண்ணிக்கலாம் சுகி, வா, பரோட்டா சூடா இருக்கும்" என்றான் லோகு. போனோம். அவன் ஐந்து, நான் மூன்று. காலையில் மறந்துவிட்டேன்.

தூறல். ஆறாவது பக்கமும் ஏழாவது பக்கமும் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டன. ஆறாவது பக்கத்தின் முதல் வரி: 'மேடு, உடனே இடது இரண்டு, பள்ளம்.' அது பதினோராவது வளைவு. ஏழாவது பக்கத்தைத் தாண்டி எட்டாவதின் முதல் வரி: 'மேடு, நேர், முழு வேகம்.' அது பதின்மூன்றாவது வளைவுக்குப் பிறகு வருகிற மேடு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மேடும் ஒன்றுபோலவே இருக்கும்.

பக்கத்தைத் திருப்பத் தடுமாறினேன். எதிரே மேடு. அவன் காலை லேசாக எடுத்தான். "சொல்லு" என்றான். நான் படித்தேன்: "மேடு, நேர், முழு வேகம்." அவன் "ம்" என்றான். காலை அழுத்தினான்.

அப்போதுதான் பக்க எண் கண்ணில் பட்டது. எட்டு. வாயைத் திறந்தேன்.

விசாரணையில் நான் சொன்னது ஒரே வரி. 'வேகம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது.' பொய் இல்லை. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது, எனக்கும்தான். ரோடு வழுக்கியது, யார் ஓட்டியிருந்தாலும் விழுந்திருப்பார்கள் என்று ஏழு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த வேலைக்கு வந்ததும் அதைக் கம்ப்யூட்டரிடமும் சொல்லவைத்தேன். அறுபதை நாற்பத்தைந்தாக்கினால் உலகத்தில் ஒருவராலும் தாண்ட முடியாது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. அசிங்கம்தான். அதையும் எழுதிவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கே போய் பிடிப்பை அறுபதாக்கச் சொன்னேன். ரியாஸ் காரணம் கேட்கவில்லை. கோகிலா வந்தாள், பேனரை மத்தியானம் அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்றாள். அதற்கு முன்னால் ஒரு தடவை நீ ஓட்டு, குரலை அணைத்துவிடு, நான் பக்கத்தில் இருந்து படிக்கிறேன் என்றேன். ஆசையாக உட்கார்ந்தாள். நான் ஒரு ஸ்டூலை இடது பக்கம் போட்டுக்கொண்டேன்.

நோட்டைப் பார்த்து, "பழைய நோட்டாங்க்கா? எங்கண்ணன் கையெழுத்து இருக்குதா?" என்றாள். என் கையெழுத்துதான் என்றேன்.

முதலில் தடுமாறினாள், மூன்றாவது வளைவுக்குப் பிறகு என் குரலுக்குப் பழகிவிட்டாள். நன்றாகவே ஓட்டினாள். பத்து தாண்டியது. மேடு தெரிந்தது. நான் அன்றைக்குப் படித்ததைப் படித்தேன்.

"மேடு, நேர், முழு வேகம்."

அழுத்தினாள். கார் மேட்டில் ஏறிப் பறந்தது. மரம், பாறை, ஓடை. மூன்று திரையும் தலைகீழாகச் சுற்றி நின்றன.

"என்னங்க்கா இது! நீங்க சொன்னபடிதான போனேன்?"

"ஆமா கோகி. நீ சொன்னபடிதான் போன."

சிரித்துக்கொண்டே திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நோட்டை அவள் மடியில் வைத்து எட்டாவது பக்கத்தைக் காட்டினேன். பிறகு ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பக்கத்தையும் பிரித்து ஆறாவதைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். உதடு அசைந்தது.

"அண்ணன்?"

"அவனும் சொன்னபடிதான் போனான்."

ரியாஸ் எழுந்து வெளியே போனான். அவள் வெகுநேரம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு, "இன்னொரு தடவ ஓட்டறேன். இப்ப சரியாப் படிங்க" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

படித்தேன். முதலிலிருந்து. மேடு வந்தது. "மேடு, உடனே இடது இரண்டு, பள்ளம்." பிரேக்கை மிதித்தாள், ஏறினாள், திருப்பினாள். கார் ஒரு பக்கம் சாயக்கூட இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. எல்லைக் கோடு வந்தது. திரையில் வண்ணக் காகிதம் பறந்தது, கைதட்டல் கேட்டது. அதை நிறுத்துகிற பொத்தான் எது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

"இவ்வளவுதானாங்க்கா அந்த வளைவு?" என்றாள். பிறகு எழுந்து கீழே போய்விட்டாள். ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஜூலை 20, சனி

போன் வரவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

வரவில்லை. நல்ல தண்ணி வந்தது, பிடித்து வைத்தேன். அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள், திட்டுவாள் என்று நினைத்தேன். "ஏழு வருஷம் எப்படிடி தூங்கின?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 26, வெள்ளி

கோகிலா கூப்பிட்டாள். போனேன். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை.

"உங்க மேல இருக்கற கோவம் போகலீங்க்கா. போகுமான்னும் தெரியல. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா முழிச்சுக்கிட்டு இருக்கறேன். அவரு அவன எப்படியெல்லாம் பேசியிருக்காரு தெரியுமா உங்களுக்கு? நீங்களும் உக்காந்து கேட்டுட்டுத்தான போனீங்க, காபி குடிச்சிட்டு?"

ஆமாம் என்றேன்.

"அந்த எடத்துல ஏழு வருஷமா அவன் பேரு நின்னுச்சு. இனி உங்க பேரு நிக்கட்டும். முடியுமா?"

தாளை நீட்டினாள். 'பதினோராவது வளைவு. மேடு, உடனே இடது இரண்டு, பள்ளம். ஏழு ஆண்டுகளுக்கு முன் இந்த வரி படிக்கப்படாமல் போனது. படிக்க வேண்டியவர் சுகிர்தா. ஓட்டிய லோகநாதன், தனக்குச் சொன்னபடியே ஓட்டினார்.'

"இதுல காற்புள்ளி ஏதாச்சும் போடணுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். கையெழுத்துப் போட்டேன். பிறகு ரியாஸின் அறைக்குப் போய் பதினோராவது வளைவைப் படித்தேன். ஒரே தடவையில் சரியாக வந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. நான் எங்கும் போகவில்லை. நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டதாகக் கோகிலா செய்தி அனுப்பியிருந்தாள். அவர் பட்டறையைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாராம். இன்று காலை எட்டு மணிக்கு இன்னொரு செய்தி. 'அப்பா பேரூர் வர்றாரு.'

ஆகஸ்ட் 10, சனி

கண்காட்சியில் கூட்டமான கூட்டம். மாலைக்குள் நூற்றுப் பதினான்கு பேர் ஓட்டினார்கள். எழுபத்தோரு பேர் பதினொன்றைத் தாண்டினார்கள். விழுந்த நாற்பத்து மூன்று பேரும் "ச்சே, நான்தான் லேட்டாத் திருப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றார்கள். ரியாஸ் என்னைப் பார்த்தான். ஆரோக்கியசாமி பேத்தியோடு வந்து, ஹாரன் வைத்தாயிற்றா என்று விசாரித்தார்.

பேனரைப் படித்துவிட்டுச் சிலர் என் கழுத்திலிருந்த பெயர் அட்டையையும் என்னையும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் பையனை என் பக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டாள். நான் ஸ்டாலை விட்டு நகரவில்லை.

ஐந்து மணிக்கு வேலுச்சாமி அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கண்ணாடிக் கூடு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனரை நிதானமாகப் படித்தார். பிறகு சீட்டில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றார். பத்தாவது வளைவு. மேடு. ஸ்பீக்கரில் என் குரல் வந்தது: "மேடு, உடனே இடது இரண்டு, பள்ளம்." அந்தப் பெண் திருப்பினாள், போனாள்.

அவர் என் பக்கம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"யாரு சொன்னாலும் கேக்க மாட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"நான் சொன்னதக் கேட்டானுங்கப்பா. எப்பவும் கேப்பான்."

"கடைசியா என்ன சொன்னான்?"

"நான் படிச்சேனுங்க. அவன் 'ம்'னு சொன்னான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க. தெரியாத ரோடு. நான் சொன்னா நம்பி அப்படித்தான் சொல்லுவான்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்து மூடினார். திரையில் அடுத்த ஆளின் கார் கிளம்பி முதல் வளைவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ம்" என்றார்.

மூக்கிலிருந்து வந்தது. அவனுடையது போலவே.